தாத்தாவின் கேமரா என்ன விலை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

நம்மில் பலருடைய வீட்டுப் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ பழைய கேமரா ஒன்று கிடக்கக்கூடும். தாத்தா வைத்திருந்தது, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, ஸ்டுடியோவை மூடியபோது மிஞ்சியது என்று அதற்கொரு கதையும் இருக்கும். அதைப் பார்த்து ஒருவர், "காயலான் கடைக்குப் போடு" என்பார். இன்னொருவர், "இது இலட்சக்கணக்கில் போகும்" என்பார். இருவருமே பெரும்பாலும் அந்தக் கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கேமராவை அடையாளம் காண்பது எப்படி, மதிப்பிடுவது எப்படி என்பதை என் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். வெறும் ஏட்டறிவு மட்டும் இருந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர் எட்டு மாதங்கள் பேசாமல் இருந்ததற்கு ஒரு கேமராவே காரணமாக இருந்தது.

வழக்கு

என் அப்பா ஆரணியில் பட்டுத் தறி நெய்பவர். என் தாத்தா தறிக்குப் போகாமல் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் உதவியாளராக வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த முதலாளி புதிய கேமரா வாங்கியபோது, பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாகப் பழைய கேமராவைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டார். தாத்தா கடைசிக் காலத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தார். அவரோடு கேமராவும் அங்கேயே இருந்தது.

தாத்தா காலமான பிறகு, காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர் அந்தத் தோல் உறையைப் பார்த்துவிட்டு, "இது ரோலிஃபிளெக்ஸ். ஜெர்மன்காரன் சரக்கு. இரண்டு இலட்சத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதாதா? சித்தப்பா அதை மறைத்து வைத்திருக்கிறார் என்று அப்பாவுக்கு மனத்தாங்கல். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் தாம் பார்த்திருக்க, ஒரு பெட்டிக்காக அண்ணன் கணக்குப் பார்க்கிறாரே என்று சித்தப்பாவுக்கு வருத்தம். இதற்கிடையே சித்தப்பா அதை ஒரு கடையில் காட்டியபோது, கடைக்காரர் உறையைக்கூடப் பிரிக்காமல் எண்ணூறு ரூபாய் என்றாராம். இரண்டு இலட்சம் எங்கே, எண்ணூறு எங்கே? இரண்டையும் கேட்டவர்களுக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. எதையும் நம்பாமல் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள்.

ஒருநாள் இரவு அப்பா என்னிடம், "காலேஜிலே லென்ஸ், வெளிச்சம் எல்லாம் படிக்கிறேன்னு சொல்றியே, நீயே போய்ப் பார்த்துச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பைக் கேட்டு வீட்டில் வந்த முதல் வேலை இதுதான். செமஸ்டர் தேர்வுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

முதலில் செய்யக் கூடாதவை

பழைய கேமரா கையில் கிடைத்தவுடன் நமக்கு மூன்று ஆசைகள் வரும். துடைக்க வேண்டும், திறக்க வேண்டும், விசைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்றையும் அடக்கிக்கொள்வதே அடையாளம் காணும் கலையின் முதல் பாடம்.

துடைப்பது ஏன் தவறு? லென்ஸின் மேல், ஒளி எதிரொளித்து வீணாகாமல் இருப்பதற்காக மிக மெல்லிய பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கும். அதன் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மெல்லேடுகளில் நடக்கும் குறுக்கீட்டு விளைவாக நாம் வகுப்பில் படிப்பது இதையேதான். சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தால், தூசியிலுள்ள மணல் அந்தப் பூச்சில் கோடு போட்டுவிடும். எங்கள் ஆயா ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் விளக்கைத் துலக்குவதுபோல விபூதி தொட்டு லென்ஸைத் துடைத்திருக்கிறார்! பக்தியில் குறையில்லை, பூச்சுதான் போய்விட்டது.

திறப்பது ஏன் தவறு? உள்ளே ஃபிலிம் இருக்கலாம். நான் போனபோது சித்தப்பா பின்மூடியின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். நல்லவேளையாக, பக்கவாட்டிலுள்ள எண்காட்டியில் 7 என்றிருந்ததைக் கவனித்துத் தடுத்தேன். எண் காட்டினால் ஃபிலிம் இருக்க வாய்ப்புண்டு. சுற்றுகைப்பிடியை மெதுவாகச் சுற்றும்போது உள்ளே ஏதோ இழுபடுவதுபோல் கனம் தெரிந்தால் ஃபிலிம் இருப்பது ஏறக்குறைய உறுதி. அந்தக் கனம் எங்கள் கேமராவில் தெரிந்தது.

விசைகளை வலிந்து அழுத்துவதும் ஆபத்தே. ஆண்டுக்கணக்கில் ஓடாத இயந்திரத்தில் எண்ணெய் பிசினாகிப் பற்சக்கரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சற்று நேரம் கழித்துத் தானாகப் படம் எடுக்கும் விசையைப் பழைய கேமராக்களில் தொடாமலிருப்பதே நல்லது. நடுவழியில் நின்றுவிட்டால் ஷட்டரே முடங்கிப்போகும்.

உறையும் உள்ளிருப்பதும்

எங்கள் கேமரா இரட்டை லென்ஸ் வகையைச் சேர்ந்தது. மேல் லென்ஸ் காட்சியைப் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி 45 பாகைச் சாய்விலுள்ள கண்ணாடியில் பட்டு, மேலேயுள்ள தேய்த்த கண்ணாடித் தகட்டில் பிம்பமாக விழும். கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்ப்பார்கள். பிம்பம் நேராக இருந்தாலும் இடம் வலமாக மாறித் தெரியும்.

இவ்வகைக்குப் புகழ் சேர்த்தது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே என்ற இருவர் நடத்திய நிறுவனம். அவர்களுடைய ரோலிஃபிளெக்ஸ் 1929-இல் வெளிவந்தது. விலை குறைந்த தம்பியாக ரோலிகார்டு 1933-இல் வந்தது. அந்த அமைப்பைப் பின்பற்றிப் பிற நாடுகளிலும் பலர் கேமரா செய்தார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களில் சிலர் இரட்டை லென்ஸ் கேமரா எதுவானாலும் 'ரோலி' என்றே சொல்லிவந்தார்கள். என் தாத்தாவும் அப்படியே சொல்வார்.

எங்கள் தோல் உறையில் 'ரோலிஃபிளெக்ஸ்' என்று ஆங்கிலத்தில் அழுத்தமாகப் பொறித்திருந்தது. இரண்டு இலட்சம் என்ற பேச்சு அங்கிருந்து பிறந்ததுதான். ஆனால் கேமரா அந்த உறைக்குள் சற்றுத் தளர்வாக ஆடியது. அதை வெளியே எடுத்தேன். முன்பக்கத்தில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயரைக் காணவில்லை. ஆண்டுக்கொன்றாக வைத்த சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்து அந்த இடத்தையே மூடியிருந்தன.

வடிகட்டிய நீரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, லென்ஸில் படாமல் சந்தனத்தை மட்டும் ஊறவைத்து எடுத்தேன். அதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு 'ஒய்' வந்தது. பிறகு முழுப்பெயரும் வந்தது. யாஷிகா. அதோடு 'மேட் 124 ஜி' என்ற மாடல் பெயர். ஜெர்மனி இல்லை, ஜப்பான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேலை எந்தப் பெட்டியிலே வந்தா என்ன, சரிகையைச் சுரண்டினாத்தானே உள்ளே சிவப்பு நூல் இருக்கான்னு தெரியும்" என்றார். அசல் சரிகைக்குள் சிவப்புப் பட்டிழை இருக்கும் என்பதை வைத்துச் சொன்னார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்த விதியை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் எனலாம். உறை, பெட்டி, வாய்ச்சொல் ஆகிய மூன்றும் சாட்சிகளே. தீர்ப்பு கேமராவின் உடலில் இருக்கிறது.

ஆறு அடையாளங்கள்

பெயர் தெரிந்துவிட்டது என்று நின்றுவிடலாகாது. பின்வரும் ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: நிறுவனத்தின் பெயர், மாடல் பெயர், உடலிலுள்ள வரிசை எண், லென்ஸ் வளையத்திலுள்ள எழுத்துகள், ஷட்டரின் பெயர், எந்த அளவு ஃபிலிம் என்பது. உடலின் எண்ணும் லென்ஸின் எண்ணும் வெவ்வேறாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எங்கள் கேமராவின் கீழ் லென்ஸ் வளையத்தில் 'யாஷினான் 80 மி.மீ., 1:3.5' என்றிருந்தது. 80 மி.மீ. என்பது குவியத்தூரம். அதை 3.5 ஆல் வகுத்தால் சுமார் 22.9 மி.மீ. வரும். ஒளி நுழையும் வாயின் அதிகபட்ச விட்டம் அதுவே. மிகச் சிறியதாக மூடும்போது எஃப் 32, விட்டம் 2.5 மி.மீ. மேல் லென்ஸில் 1:2.8 என்றிருந்தது. பார்ப்பதற்கான லென்ஸ் சற்று அதிக ஒளியை உள்ளே விட்டால் பிம்பம் தெளிவாகத் தெரியும் என்பதே காரணம்.

ஷட்டரின் பெயர் 'கோப்பல்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. சித்தப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கோபால் யாருடா? இதுக்கு முன்னாடி வச்சிருந்தவரா?" என்று கேட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவும் அவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். கோப்பல் என்பது ஜப்பானிய ஷட்டர் நிறுவனம் ஒன்றின் பெயர்.

மாடல் பெயர் தெரிந்தால் வயதைக் கணிக்கலாம். யாஷிகா மேட் வரிசை 1957-இல் தொடங்கியது. மேட் 124 என்பது 1968-இல் வந்தது. 124 ஜி 1970-இல் அறிமுகமாகி 1986 வரை தயாரிக்கப்பட்டது. 'ஜி' என்ற எழுத்து மின்தொடர்புப் புள்ளிகளில் தங்க முலாம் பூசப்பட்டிருப்பதைக் குறிக்கும். 124 என்பதற்குள்ளும் ஒரு பொருள் உண்டு. இந்தக் கேமராவில் 120 எண் ஃபிலிமைப் போட்டால் 12 படங்கள். 220 எண் ஃபிலிமைப் போட்டால் 24 படங்கள். ஆகவே எங்கள் கேமரா 1970-க்கும் 1986-க்கும் இடைப்பட்டது என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது. யாஷிகா நிறுவனம் 1983-இல் கியோசெராவுடன் இணைந்தது. கியோசெரா 2005-இல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டது.

பெயரே பொய் சொல்லும்போது

சில கேமராக்களில் உடலில் பொறித்த பெயரையும் நம்பக் கூடாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லைக்கா. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனம் 1925-இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தச் சிறிய கேமரா புகைப்பட வரலாற்றையே மாற்றியது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த ஏலத்தில், அதை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக் தாமே பயன்படுத்திய சோதனைக் கால லைக்கா ஒன்று 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டே நம் உறவினர்கள் இலட்சக் கணக்குப் போடுகிறார்கள்.

சோவியத் நாட்டில் லைக்காவைப் பார்த்து 1934-இல் கார்கிவ் நகரில் 'ஃபெட்' என்ற கேமராவைச் செய்தார்கள். 1948-இல் 'ஸோர்க்கி' வந்தது. இரண்டும் நல்ல கருவிகளே. பிற்காலத்தில் சிலர் இவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு, 'லைக்கா' என்று பொறித்து, தங்க நிறம் பூசி, போர்க்காலச் சின்னங்களையும் சேர்த்து விற்றார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால், தூரம் அளக்கும் அமைப்போடு இணைந்த ஒரு சிறு கரம் தெரியும். லைக்காவில் அதன் முனையில் உருளும் சிறு சக்கரம் இருக்கும். ஃபெட், ஸோர்க்கி வகைகளில் ஆப்புப் போன்ற உலோகத்துண்டு இருக்கும். முகத்தில் என்ன எழுதினாலும் உள்ளே இருக்கும் உறுப்பு உண்மையைச் சொல்லிவிடுகிறது.

உடல்நிலைச் சோதனை

ஒரே மாடலில் இரண்டு கேமராக்கள் இருந்தால், ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் மூன்று மடங்காக இருக்கக்கூடும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடல்நிலை. ஃபிலிமை எப்படி வெளியே எடுத்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது வெளியே வந்த பிறகு நான் செய்த சோதனைகள் இவை.

முதலாவது லென்ஸ். ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைத்து, இருட்டறையில் பின்னாலிருந்து டார்ச் விளக்கைச் சாய்வாகக் காட்ட வேண்டும். சிலந்திவலைபோலக் கிளைக்கும் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டு ஈரக்காற்றில், தோல் உறைக்குள் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை எளிதில் வளரும். எங்கள் கேமராவில் கீழ் லென்ஸின் ஓரத்தில் சிறிதளவு இருந்தது. விபூதிக் கோடுகள் மேல் லென்ஸில் மட்டுமே இருந்தன. ஆயாவுக்கு எட்டியது மேலிருந்த 'கண்' ஒன்றுதான் போலும். படம் எடுப்பது கீழ் லென்ஸ் ஆகையால், அந்தக் கோடுகளால் படத்துக்குக் கேடில்லை.

இரண்டாவது ஷட்டர். இங்கே என் கைப்பேசி உதவியது. அதில் நொடிக்கு 240 சட்டங்கள் வீதம் படம்பிடிக்கும் வசதி உண்டு. பின்மூடியைத் திறந்து, முன்னால் விளக்கை வைத்து, ஷட்டர் திறந்து மூடுவதைப் படம்பிடித்துச் சட்டங்களை எண்ணினேன். ஒரு நொடி என்று வைத்தால் 240 சட்டங்கள் வரவேண்டும், 336 வந்தன. அதாவது 1.4 நொடி. முப்பதில் ஒரு நொடிக்கு 8 வரவேண்டும், 9 வந்தது. 125-இல் ஒரு நொடிக்கு இரண்டு சட்டங்களே என்பதால் அளவீட்டில் பிழை மிகுதி. 500-இல் ஒரு நொடியை இந்த முறையில் அளக்கவே முடியாது. ஒரு சட்டத்தின் இடைவெளியே அதைப்போல் இருமடங்கு. ஆகவே மெதுவான வேகங்கள் பிசுபிசுத்துவிட்டன, நடுவேகங்கள் ஏறக்குறையச் சரி என்று மட்டும் குறித்துக்கொண்டேன். அளக்க முடியாததை அளந்ததாகச் சொல்லக் கூடாது என்பது ஆய்வகத்தில் நமக்குக் கற்றுத்தந்த பாடமன்றோ?

மூன்றாவது ஒளிமானி. இதில் காட்மியம் சல்பைடு மின்கலம் உள்ளது. ஒளி கூடினால் அதன் மின்தடை குறையும், முள் நகரும். மேல்மூடியைத் திறந்ததும் இது இயங்கத் தொடங்கும். இதற்கு 1.35 வோல்ட் தரும் பாதரச மின்கலம் தேவை. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அத்தகைய மின்கலங்கள் உலகெங்கும் கைவிடப்பட்டுவிட்டன. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையின் நோக்கங்களில் இதுவும் ஒன்று. அந்த இடத்தில் 1.5 வோல்ட் மின்கலத்தைப் போட்டால் முள் தவறான அளவைக் காட்டும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் துத்தநாகக் காற்று மின்கலம் 1.4 வோல்ட் தருவதால் ஓரளவு பொருந்தும். எங்கள் கேமராவில் பழைய மின்கலம் உள்ளேயே கசிந்து பச்சை பூத்திருந்தது. அதைக் கையால் தொடாமல், கையுறையோடு எடுத்துத் தனியாக மூடிவைத்தேன். ஒளிமானி உயிர்பெறவில்லை.

விலை என்பது எது?

விலையை முடிவுசெய்ய மூன்று கேள்விகள் போதும். எத்தனை உள்ளன? எத்தனை பேர் கேட்கிறார்கள்? எந்த நிலையில் இருக்கிறது? வயது இந்த மூன்றிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோடாக் நிறுவனம் 1900-இல் ஒரு டாலர் விலையில் விற்ற பிரவுனி கேமரா நூறாண்டு கடந்தது. ஆனால் பிரவுனி வகைகள் ஏராளமாக விற்றமையால் அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் மலிவே. பரோடாவில் தயாராகி நம் நாட்டு வீடுகளில் பரவலாகப் புழங்கிய ஆக்ஃபா கிளிக் 3 கேமராவுக்கும் இதுவே நிலை. நினைவுப் பொருளாக அருமை உண்டு. சந்தையில் பெரிய விலை இல்லை.

இணையத்தில் விலை பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. விற்பவர் கேட்கும் விலை வேறு. விற்று முடிந்த விலை வேறு. கேட்பதற்கு வரி கிடையாது. யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஆகவே விற்று முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழுதில்லாத 124 ஜி நான் பார்த்த அளவில் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி விற்றிருந்தது. அதிலிருந்து ஷட்டரைத் துப்புரவாக்கி எண்ணெயிடும் செலவு, பூஞ்சையை நீக்கும் செலவு, இயங்காத ஒளிமானி ஆகியவற்றைக் கழித்தேன். பொருந்தாத உறையால் கேமராவின் மதிப்பு கூடவில்லை. ஆனால் அசல் ரோலிஃபிளெக்ஸ் உறை என்பதால் தனியாக அதற்கொரு சிறு விலை உண்டு. எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை பெறும் என்று தாளில் எழுதி, காரணங்களையும் வரிசையாகக் குறிப்பிட்டு, இருவர் முன்னிலையிலும் படித்தேன்.

இரண்டு இலட்சமும் இல்லை, எண்ணூறும் இல்லை. சித்தப்பா, "இதுக்கா நாம பேசாம இருந்தோம்?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்துபோய்ச் சித்தப்பா பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். எழுபதாயிரம் என்று கணக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு இயற்பியலில் விடை இல்லை.

ஏழாவது படம்

இனி அந்த ஃபிலிம். 120 எண் ஃபிலிமுக்குப் பின்னால் ஒளி புகாத காகிதம் ஒட்டியிருக்கும். ஆகையால் கடைசிவரை சுற்றிவிட்டால் காகிதம் அதைப் பாதுகாத்துக்கொள்ளும். லென்ஸை மூடியால் மறைத்து, ஒவ்வொரு முறையும் ஷட்டரை அழுத்தி, சுற்றுகைப்பிடியைச் சுற்றி மீதமுள்ள எண்களைக் கடத்தினேன். பிறகு மங்கிய வெளிச்சத்தில் சுருளை வெளியே எடுத்தேன். காகிதத்தில் 'இந்து' என்றிருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

இதை உருத்துலக்க வெளியூர் அனுப்பவேண்டுமே என்று தயங்கியபோது, நம் கல்லூரி வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவர், "இங்கேயே செய்யலாமே" என்றார். டி-76 என்ற கரைசலுக்கு ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கரைசல் 20 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும் என்பதால் பனிக்கட்டி நீரில் பாத்திரத்தை வைத்தோம். முழு இருட்டில் ஃபிலிமைச் சுருட்டிச் சட்டத்தில் ஏற்றும் வேலைக்கு, பயனற்ற பழைய சுருள் ஒன்றை வைத்து இரண்டு நாள் பழகினேன். இறுதியில் ஹைப்போ கரைசலில் நிலைப்படுத்தி வெளியே எடுத்தோம்.

முப்பதாண்டு வெயிலைப் பார்த்த ஃபிலிம் அல்லவா? ஏறக்குறைய முழுவதும் கறுத்திருந்தது. காகிதத்திலிருந்த எண்கள்கூட அதில் அச்சாகியிருந்தன. ஒரே ஒரு சட்டத்தில், ஏழாம் எண்ணுக்கு அருகில், ஏதோ தெரிந்தது. அதைக் கைப்பேசியில் படம்பிடித்து நேராக்கிப் பார்த்தோம். ஒரு தறியின் மேற்சட்டம். அதன் பக்கத்தில் கையைத் தறிமேல் வைத்தபடி பதினைந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன். முகம் பனிமூட்டமாக இருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். "உன் சித்தப்பன்தான். இப்படித்தான் ஒரு தோளைச் சாய்ச்சு நிப்பான்" என்றார். சித்தப்பாவிடம் காட்டினேன். "அண்ணன்டா. நான் எங்கே தறிகிட்ட போனேன்?" என்றார். அடையாளம் காண ஆறு வழிகள் எழுதிய என்னால் அந்த ஒரு முகத்தை இன்றுவரை அடையாளம் காண முடியவில்லை. ஆயாவிடம் கேட்டபோது, "ரெண்டு பேருக்கும் ஒரே சட்டைதான் அப்போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேமராவை விற்கவில்லை. ஷட்டரைச் செப்பனிட இருவரும் பாதிப் பாதி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வாண்டு ஆயுத பூஜைக்கும் அது மணைமீது அமர்ந்தது. சந்தனப் பொட்டை மட்டும் தோல் உறைக்கு வைத்தோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொன்று இருக்கலாம். துடைக்காதீர்கள், திறக்காதீர்கள், உடனே விற்காதீர்கள். முதலில் எண்காட்டியைப் பாருங்கள். பிறகு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அதன் உடலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பங்காளிகள் இருந்தால் எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.